தீவகத்துக் கெண்டைக்கால் இயல்

உலகத்துக் கால்கள் இருவகைப்படும்: நிற்பன, நடப்பன. கிடப்பன என மூன்றாவதொன்றைக் கொள்வாரும் உளர். தீவகத்தில் அவ்வகை மிக அருகியே காணப்படுதலின் ஈண்டுக் கொள்ளப்படவில்லை.

நாளப்புடைப்பு பெரிதும் நிற்குங் காலுக்கே உரியது. எற்றினான் எனின், காலின் நாளங்களுள் ஒருவழிக் கதவுகள் உண்டு. பதுவா நகரத்து ஃபப்ரீசியஸ் 1603இல் அவற்றைப் பற்றி நூல் செய்து, பயனை மட்டும் பிழையாகச் சொல்லிவைத்தார். இரத்தம் இதயத்துக்குத் திரும்பவே அவை இருக்கின்றன என்று நிறுவியவர் அவருடைய மாணாக்கர் ஹார்வி. கதவு தளர்ந்தால் இரத்தம் கீழே தேங்கும், நாளம் புடைத்து நெளியும். அசையாது நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். கதவு பழுதுபடாதவர் நடக்கத் தொடங்கினால் கெண்டைத்தசை பிழிந்து அதை 30க்குக் கீழே இறக்கிவிடும்.

நிற்போருள் தலையாயோர் நயினாதீவில் ஆனித் திருவிழா அன்னதானத்துக்கு அகப்பை பிடிப்போர். இடையாயோர் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியைமார்; சேலைக்கரை மறைத்தலால் இவர்தம் நோய் நெடுங்காலம் புலப்படாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசை பிடிப்போர் கடையாயோர்; படகு வந்ததும் வகையிலிருந்து நீங்குவர். பிள்ளைப்பேறும் முதுமையும் உடற்பருமனும் துணைக் காரணங்கள். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும் என்பதால், நாள் முழுக்க நடப்பவரும் தப்பினோம் என்று இறுமாத்தல் ஆகாது.

குறிகளாவன: பின்னேரமானால் கால் கனத்தல், கடுத்தல், அரித்தல், இராவில் கெண்டை பிடித்தல், செருப்பு வார் பதிந்த தடம் வெகுநேரம் மாறாதிருத்தல். 1994இல் ஹவாயின் மௌயித் தீவில் கூடிய வல்லுநர் இந்நோயைப் பூச்சியம் முதல் ஆறு வரை ஏழு வகுப்பாக்கினர். தீவில் பிறந்த வகைப்பாடாதலின் நமக்கும் பொருந்தும். ஒன்றில் மெல்லிய சிலந்தி நாளம், இரண்டில் 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்த புடைப்பு, மூன்றில் வீக்கம், நான்கில் தோல் கறுத்தலும் சொறியும், ஐந்தில் ஆறிய புண், ஆறில் ஆறாத புண். நம் ஆச்சிமாரின் வகைப்பாட்டில் உள்ளது ஒரே வகுப்பு: “உது நரம்புதானே பிள்ளை, ஒண்டும் செய்யாது.” மௌயியாரின் நான்காம் வகுப்பு வரை இது திருத்தமின்றி வழங்கும். என் கணிப்பில் தீவகத்தில் இந்நோயை வளர்ப்பது நிற்பதைவிட இவ்வாக்கியமே.

சிகிச்சை, எளிதிலிருந்து அரிது. காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திக் கிடத்தல். நடத்தல். அழுத்தக் காலுறை அணிதல்: காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இழுத்துப் போடவேண்டும், வீங்கியபின் ஏறாது. பங்குனி வெயிலில் நெடுந்தீவில் அதை அணிவோர் தவசிகளுள் வைத்து எண்ணத்தக்கவர். நீரிழிவுக்காரருக்குக் கால் நாடியோட்டத்தைப் பார்த்த பின்பே அது தகும். இவற்றால் தீராவிடில் ஸ்கான் எடுத்து, பழுதான நாளத்தை லேசரால் சுட்டு அடைப்பர், அல்லது நுரைமருந்து ஏற்றுவர், அல்லது கீறி உருவி எடுப்பர். ஊர்காவற்றுறையார் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்விடலாம்; நெடுந்தீவாரின் கிளினிக் நாளைக் குறிப்பது கடல். சிகிச்சை முடிந்ததும் நடக்கச் சொல்வார்கள். ஆகவே குறிகட்டுவானில் படகு வரும்வரை துறைநெடுக உலாவுக.

புறனடை இரண்டு. புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பீறிட்டால் துறைக்கு ஓடற்க; படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆளனுப்புக. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். எண்ணெய் போட்டு உருவற்க. படகு போய்விட்டதே என்று விடியும்வரை பாராது, நெடுந்தீவு வைத்தியசாலையிலேனும் அன்றே காட்டுக. மூச்சும் முட்டினால் அந்த நிமிடமே.