நியூஜெர்சிக்கு ஒரு கிலோ மக்ரூன்

துறைமுகம் இருக்கிற ஊர்க்காரனுக்கு வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவது சுலபம் என்று மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். மதுரையில் இருக்கும் என் மைத்துனன் வரும்போதெல்லாம் சொல்வான்: "உங்களுக்கென்ன அத்தான், வாசல்லயே கப்பல் நிக்குது. தூக்கிப் போட்டா போயிரும்."

கப்பல் நிற்பது உண்மை. சாயங்காலம் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் போனால், உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்கு தெரியும். நிலக்கரி வருகிறது, உப்பு போகிறது, திருப்பூர்ப் பனியன் பெட்டி பெட்டியாகப் போகிறது. ஒரு தெரு நீளத்துக்கு இருக்கிற காற்றாலை இறக்கைகூட லாரியில் படுத்துக்கொண்டு வந்து கப்பலேறி வெளிநாடு போகிறது. என் அத்தை கட்டிக் கொடுத்த ஒரு கிலோ பொட்டலம் மட்டும் இந்தக் கப்பல் எதிலும் ஏறாது. அது தபால். தபால் சென்னைக்குப் போய்த்தான் வெளிநாடு போக வேண்டும், அதுவும் விமானத்தில். எங்கள் ஊரிலிருந்து கொழும்பு கடல் வழியே சுமார் 150 கடல் மைல். அங்கே இருக்கிற ஒருவருக்கு நான் கடிதம் போட்டால், அது முதலில் வடக்கே 600 கிலோமீட்டர் போய்ச் சென்னையைப் பார்த்துவிட்டு, மறுபடி தெற்கே பறக்கும். கடிதத்துக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை இருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. 1876இல் எங்கள் ஊருக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிற ஆளும் தபால்பையும் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கே நீராவிக் கப்பல் பிடித்துக் கொழும்பு போக வேண்டும். போட் மெயில் என்ற பெயருக்குக் காரணமே இந்த ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம்தான். அப்போது கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நிற்க, ஆட்களையும் பைகளையும் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மயிலாப்பூர்க்காரர் கொழும்புக்கு எழுதிய கடிதமெல்லாம் எங்கள் கடலில் நனைகிற பாக்கியம் பெற்றது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்குச் சென்னைக் கடிதம் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு எங்கள் கடிதம் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிடலாம். 2011 ஜூனில் கொழும்புக்கு மறுபடி ஒரு பயணிகள் கப்பலை விட்டார்கள். ஊரே போய்ப் பார்த்தது. பார்த்தவர்கள் அளவுக்கு ஏறுவதற்கு ஆள் இல்லை, நவம்பரில் நின்றுபோனது.

கொழும்புக் கப்பல் என்றால் எங்கள் ஊரில் வ.உ.சி.யைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்க மாட்டார்கள், நானும் மாட்டேன். அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், அதுவரை போட்டியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. ஏறினால் ஒரு குடையும் தருகிறோம் என்று சொன்னதாகவும் உண்டு. குடையை வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்துப் போனவர்களைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள். குடையை வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தை வீட்டுப் பரணில் மூங்கில் பிடி வைத்த ஒரு பழைய குடை கிடக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அத்தை பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்தக் கடற்கரையிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதியவர்களில் பெரிய ஆள் பிரான்சிஸ் சேவியர். 1542 அக்டோபர் 28ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து ரோமில் இருந்த இக்னேஷியஸ் லொயோலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அஞ்சல் தலையும் இல்லை, பின்கோடும் இல்லை. இங்கிருந்து ஆள் மூலம் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை போர்ச்சுக்கலுக்குக் கிளம்புகிற கப்பலைப் பிடிக்க வேண்டும். அது நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு லிஸ்பன் போய்ச் சேர வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். என்ன கேட்டோம் என்பதே அதற்குள் மறந்துபோகும். கப்பல் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே கடிதத்தைப் படியெடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்புகிற வழக்கமும் இருந்தது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரே காலை வணக்கத்தை மூன்று குழுக்களில் அனுப்பும் என் பெரியப்பாவுக்கு முன்னோர் இவர்கள்தான்.

1544இல் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை என்று கரையோரம் அலைந்துகொண்டே, கூட வேலை பார்த்த மன்சிலாஸுக்கும் கடிதங்கள் எழுதித் தள்ளியிருக்கிறார். அவை கைக்குக் கை போனவை, சீக்கிரம் சேர்ந்திருக்கும். தூரத்துத் தபால்தான் காலை வாரிவிட்டது. சேவியரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லி லொயோலா 1553 ஜூனில் எழுதுகிறார். சேவியரோ 1552 டிசம்பர் 3ஆம் தேதியே சீனக் கரையோரத் தீவு ஒன்றில் காலமாகிவிட்டார். அரை வருஷம் ஆகியும் செய்தி ரோமுக்குப் போகவில்லை. நம் தபால்காரர் கையில் அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் 'பெறுநர் இறந்துவிட்டார்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். அதற்கும் ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள்.

அந்த மகானின் கதையைச் சொன்னதற்கு அப்புறம் என் மக்ரூன் கதையைச் சொல்வது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அத்தை மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அத்தை மகள் என்றால் புரிந்திருக்கும். சின்ன வயதில் ஊரே எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பேசியது. அவள் கம்ப்யூட்டர் படித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். நான் மதுரையில் பெண் எடுத்தேன். இப்போது அவளுக்குப் பார்சல் அனுப்பும் உத்தியோகம் எனக்கு. அத்தையால் அலைய முடியாது. "படிவத்துல அவ உங்களுக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இல்லை, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

முன்பெல்லாம் வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு மரியாதை இருந்தது. டின்னில் அடைத்து, காடாத்துணி சுற்றி, நாலு பக்கமும் தைத்து, முடிச்சுக்கு முடிச்சு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்கள். நாங்கள் போகும் அஞ்சலகத்தின் வாசலில் இதற்கென்றே ஒரு தையல்காரர் உட்கார்ந்திருப்பார். எந்த நாடு என்று முதலில் கேட்பார். துபாய் என்றால் ஒற்றைத் தையல். சிங்கப்பூர் என்றால் ஒன்றரை. அது என்ன கணக்கு என்று அவருக்குத்தான் தெரியும். அமெரிக்கா என்றால் நிமிர்ந்து நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரட்டை நூல் கோப்பார். தைத்து முடித்த பொட்டலத்தைக் கையில் தூக்கி எடை சொல்வார். உள்ளே இருக்கிற தராசு அவரை எதிர்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அட்டைப்பெட்டி, பழுப்பு டேப். யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டியதைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

மக்ரூனுக்கு அரக்கு முத்திரையே போதாது என்பது என் அபிப்பிராயம். முட்டையின் வெள்ளைக் கருவை நுரை நிற்கிற வரைக்கும் அடித்து, சீனியும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாக வைத்து, மிதமான சூட்டில் நேரமெடுத்துச் சுடுகிற சாமான் அது. வாயில் வைத்தால் கரைய வேண்டும் என்பதற்காகவே செய்தது. தபால்பை எறிகிறவர் கைக்கும் அது அப்படியே கரைந்துவிடுகிறது. முதல் பார்சல் போய்ச் சேர்ந்ததும் அவள் போன் பண்ணி, "மக்ரூன் பொடி ரொம்ப நல்லாருக்கு அத்தான், பால்ல போட்டுக் குடிச்சோம்" என்றாள்.

அதைவிடக் கஷ்டம் சுங்கப் படிவம். உள்ளே என்ன, எத்தனை, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். பரிசா, ஆவணமா, வணிக மாதிரியா, வேறு ஏதாவதா என்று டிக் போட வேண்டும். கவுன்டரில் இருந்தவர் தங்கமான மனுஷர். "மக்ரூன்னு எழுதினா அங்க இருக்கவனுக்கு விளங்காது அண்ணாச்சி, விளக்கி எழுதுங்க" என்றார். அந்தக் கட்டம் அரை விரல் அகலம். முட்டை, முந்திரி, நுரை, கூம்பு என்று நான் எழுதிக்கொண்டே போய், பக்கத்து எடைக் கட்டத்துக்குள் நுழைந்து, ஓரத்தில் மேலே ஏறினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இனிப்பு பிஸ்கட்" என்று எழுதி முடித்தார். இந்த வார்த்தை அத்தை காதுக்குப் போகாமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

மதிப்பை மட்டும் அவளிடமிருந்து மறைக்க முடியவில்லை. ரசீதை வாங்கிப் பார்த்தாள்.

"ஏல, இது என்னது தொள்ளாயிரம்?"

"கடையில கொடுத்த காசு அத்தை."

"முறுக்கு நான் சுட்டேன்லா? இட்லிப் பொடி நான் இடிச்சேன்லா? அதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாதா?"

அன்பின் பேரில் அனுப்புவதற்கு விலை போட மாட்டார்கள் என்றேன். "அப்ப அனுப்புத கூலிக்கு மட்டும் இம்புட்டு போட்டிருக்கான்?" என்றாள். கூலி பொருளின் விலையைப் போலப் பல மடங்கு. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உலக அஞ்சல் ஒன்றியத்திடம் இருக்கலாம். 1874இல் தொடங்கிய சங்கம் அது, நாம் சேர்ந்தது 1876இல். எங்களுக்கு ரயில் வந்த அதே வருஷம்.

படிவத்தில் சுங்க வகைப்பாட்டு எண்ணுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் அந்தப் பட்டியலைப் புரட்டினேன். உலகத்தில் உள்ள அத்தனை சாமானுக்கும் எண் வைத்திருக்கிறார்கள். உப்பு 2501. உப்பிட்டுக் காயவைத்த மீன், அதாவது கருவாடு, 0305. முத்து 7101. எங்கள் ஊரின் மூவாயிரம் வருஷக் கதையைப் பன்னிரண்டு இலக்கத்தில் முடித்துவிட்டார்கள். முத்து, நகை, பணம் இதையெல்லாம் சாதாரணத் தபாலில் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்களுக்கு அதில் சிரமமே இல்லை. கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அதற்கப்புறம் முத்துக்குளித்துறையிலிருந்து அனுப்ப முத்து ஏது?

கருவாட்டை ஒளித்து அனுப்ப முடியாது. எண் எழுதாவிட்டாலும் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் தபாலுக்கு இணையாக ஓர் ஆள்தபால் ஓடுகிறது. இன்னார் அடுத்த மாதம் அமெரிக்கா போகிறாராம் என்று பனிமய மாதா கோயில் பக்கம் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். நலம் விசாரித்து, காப்பி குடித்து, கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வரும். "ஒண்ணுமில்ல, கால் கிலோதான்." பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்று விமானக் கம்பெனி சொன்னாலும், அதில் மூன்று கிலோ அவருடைய துணிக்கு, மிச்சம் ஊருக்கு. எங்கள் தெருவில் ஒரு பேராசிரியர் டிக்கெட் எடுத்ததைப் பெற்ற தாயிடமே சொல்லாமல் நள்ளிரவில் கிளம்பிப் போனார். விமான நிலைய வாசலில் அவருக்கு முன்னாலேயே இரண்டு பேர் ஊறுகாயோடு நின்றார்களாம்.

மாலத்தீவுக்கு இன்றும் எங்கள் ஊரிலிருந்து தோணி போகிறது. காய்கறி, சிமென்ட், ஜல்லி என்று ஒரு நாட்டுக்கு வேண்டிய வீட்டுச் சாமானைத் தோணிக்காரர்கள் கொண்டு போகிறார்கள். அத்தை மகள் மாலே நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் ஜல்லியின் மேல் மக்ரூனை வைத்து அனுப்பியிருக்கலாம். இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது என் மனைவி, "ரொம்பத்தான் யோசிக்கிறீங்க" என்றாள்.

2025இல்தான் பெரிய இடி விழுந்தது. 800 டாலர் வரை வரியில்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்ததை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. யார் வரி வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25ஆம் தேதியிலிருந்தே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. கடிதமும் 100 டாலருக்குள்ளான பரிசும் மட்டும் போகலாம் என்றார்கள். நான் ஆசையோடு பெட்டியை ஒட்டி முடிப்பதற்குள் அதுவும் நின்றது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தபாலில் ஒரு கடுதாசிகூடப் போட முடியாது என்று ஆனது. சேவியருக்காவது வருஷத்துக்கு ஒரு கப்பல் இருந்தது.

அத்தைக்கு விளக்கினேன். வெள்ளை மாளிகை, உத்தரவு, வரி என்று சொல்லச் சொல்லக் கவனமாகக் கேட்டாள். "என் முறுக்குக்குப் பயந்தா ஒரு நாடு கதவச் சாத்துச்சு?" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாக எனக்குப் பட்டது.

அக்டோபர் 15ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். கவுன்டர்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, அமெரிக்கா வந்துட்டு" என்றார். பெட்டி போனது. இந்தத் தடவை ஒவ்வொரு மக்ரூனுக்கும் தனித்தனியாகப் பஞ்சு வைத்திருந்தேன். அத்தை மகள் பேசினாள். ஒன்றுகூட உடையவில்லை என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் பேச்சுவாக்கில், "இங்க எடிசன்ல ஒரு நம்மூர்க் கடையிலயே தூத்துக்குடி மக்ரூன் விக்கிறாங்க அத்தான். கண்டெய்னர்ல வருதாம்" என்று சொன்னாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பஞ்சு வாங்கிய கணக்கைப் பார்த்தேன். அத்தை மட்டும் கொஞ்சமும் அசராமல் போன் பக்கம் குனிந்தாள்.

"அதுல ஒரு அரைக் கிலோ வாங்கி இங்க அனுப்பு தாயி. எப்படி இருக்குன்னு பாப்போம்."