இஸ்பேட் ராணியின் இருப்பிடம்: ஓர் ஆராய்ச்சி

சீட்டுக்கட்டில் ராணிகள் நால்வர். துருப்பு இனத்து ராணி எதிராளிகள் இருவரில் யார் கையில் இருக்கிறாள் என்பதுதான் பிரிட்ஜ் உலகின் தீராத வழக்கு. மற்ற மூவரும் எங்கோ இருந்துவிட்டுப் போகட்டும். வழக்கை முறைப்படி விசாரிக்க ஒரு கையை எடுத்துக்கொள்வோம்.

ஆடுபவர் தெற்கு. காண்டிராக்ட் 4 இஸ்பேட், அதாவது 10 பிடி எடுத்தாக வேண்டும். அவர் கையில் இஸ்பேட் ராஜா, ஜாக்கி, 8, 7, 6. எதிரே மேசைமேல் மல்லாந்து கிடக்கும் டம்மியில் ஏஸ், 10, 9, 4. வெளியே இருப்பவை நாலே நாலு: 5, 3, 2, அப்புறம் அந்த அம்மாள். மற்ற இனங்களில் மூன்று பிடி போவது உறுதியாகிவிட்டது. இனித் துருப்பில் ஒன்றுகூடப் போகக் கூடாது.

ராஜாவை இறக்குகிறோம். எதிராளிகளான மேற்கு, கிழக்கு இருவரும் சில்லறை போடுகிறார்கள். அடுத்து 6ஐ டம்மி பக்கம் நகர்த்துகிறோம்; மேற்கு மறுபடியும் சில்லறை. இங்கேதான் கை நடுங்கும். ஏஸைப் போட்டால், கிழக்கிடம் ராணி தனியாக நின்றிருந்தால் விழுவாள். 10ஐப் போட்டால், மேற்கிடம் அவள் பதுங்கியிருக்கும் பட்சத்தில் பிடி நமக்கு; இதற்குப் பெயர் ஃபினெஸ். தவறான பக்கம் சாய்ந்தால் காண்டிராக்ட் காலி.

முன்னோர் இதற்கு ஒரு சூத்திரம் செய்து வைத்தார்கள். ராணி இல்லாத துருப்பில் நம்மிடம் எட்டென்றால் எப்போதும் ஃபினெஸ், ஒன்பதென்றால் ஒருபோதும் இல்லை. மனப்பாடம் செய்ய எளிது என்பதால் இது வேதவாக்காகிவிட்டது. இதன் பலத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம். ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டு. மேற்கு இரண்டு இஸ்பேட் போட்டுவிட்டார்; பாக்கி 11 இடம். கிழக்கு போட்டது ஒன்று; பாக்கி 12 இடம். ராணி உட்கார அங்கே 11 நாற்காலி, இங்கே 12. ஆக ஏஸுக்கு நூற்றுக்கு 52, ஃபினெஸுக்கு 48. தலைமுறை தலைமுறையாகப் பார்ட்னர்கள் கண்ணை உருட்டிச் சொல்லிவந்த அந்த 'ஒருபோதும்' என்பதன் மொத்த எடை ஒரே ஒரு நாற்காலி.

இத்துறையின் கணித மூலவர் பிரெஞ்சு அறிஞர் எமில் போரெல். ஆந்த்ரே ஷெரோனுடன் சேர்ந்து 1940இல் பிரிட்ஜின் கணிதத்தைப் பெரும் நூலாகவே எழுதினார். அதே போரெல் 1925இல் பிரான்சின் கடற்படை அமைச்சர். அதே 1925இல்தான் வேண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் சீமான் பனாமாக் கால்வாய் வழியாகப் போன கப்பலில் காண்டிராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தார். கடலுக்கும் சீட்டுக்கும் உள்ள இந்தத் தொடர்பை வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

ராணி ஜாக்கியின் தலைமேல்தான் படுப்பாள் என்பாரும் உளர். சிரிக்க வேண்டாம், இதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆட்டத்தில் ஒருவர் ஜாக்கி போட, அடுத்தவர் ராணியால் அதை அடித்திருப்பார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுக்குள் போகும். சோம்பேறித்தனமாகக் கலைத்துப் பங்கிட்டால், ஜாக்கி விழுந்தவருக்கு அடுத்தவர் கையில் ராணி விழுவாள். நம்மிடமே ஜாக்கி இருப்பதால், இக்கொள்கைப்படி அவள் நமக்கு இடப்பக்கத்து மேற்கிடம். இன்று போட்டிகளில் கணினியே சீட்டைக் கலைத்துப் பிரித்துக் கொடுப்பதால் இக்கொள்கை அங்கே செல்லாது. வீட்டுச் சீட்டாட்டத்தில், கலைப்பவரின் சோம்பலை அளந்தறிந்த பிறகு பயன்படுத்தலாம் என்க.

மேற்கின் முகத்தைப் பார் என்பது இன்னொரு பள்ளி. சீட்டுப் போடுமுன் அவர் தயங்கினாரா, சட்டென்று போட்டாரா என்பதை வைத்து முடிவு செய்யலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது, ஆனால் உங்கள் சொந்தப் பொறுப்பில். ஏமாற்றுவதற்கென்றே தயங்குவது குற்றம். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காகத் தயங்குவது குற்றமில்லை. இந்தப் பள்ளியில் தேறியவர்களைவிடத் தோற்றவர்களே அதிகம் என்பது என் துணிபு.

இம்மூன்று பள்ளியினருமே இஸ்பேடைப் பார்த்துக்கொண்டு இஸ்பேட் ராணியைத் தேடுகிறார்கள். விடை டைமனில் இருக்கிறது. ஏலத்தின்போது கிழக்கு எடுத்த எடுப்பில் 3 டைமன் என்று கத்தியதை எல்லாரும் மறந்துபோனோம். அப்படிக் கேட்பவரிடம் வழக்கமாக ஏழு டைமன் இருக்கும். நம் இரு கைகளிலும் சேர்த்து நாலு. மிச்சம் இரண்டு மேற்கிடம். நாற்காலிகளை மறுபடி எண்ணுவோம். மேற்கு: 13இல் இரண்டு டைமன், இரண்டு இஸ்பேட் போக 9. கிழக்கு: 13இல் ஏழு டைமன், ஒரு இஸ்பேட் போக 5. ஒன்பதுக்கு ஐந்து! சூத்திரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு டம்மியிலிருந்து 10ஐப் போட வேண்டியதுதான்.

பதினாலில் ஐந்து தடவை ராணி கிழக்கிடமிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து வருவாள். இந்த இடத்தில் ஆய்வு கணிதத்தை விட்டுக் குடும்பவியலுக்குள் நுழைகிறது. ஆட்டம் நடக்கும்போது இப்படி ஆடு, அப்படி ஆடு என்று சொல்ல டம்மியாக இருக்கும் பார்ட்னருக்கு உரிமையில்லை. அந்தப் பார்ட்னர் மனைவியாகவோ கணவராகவோ இருந்தால், ஆட்டம் முடிந்தபின் தம்பதியர் என்ன பேசிக்கொள்ளலாம் என்பதைச் சட்டப் புத்தகம் தொடவே இல்லை.

1929 செப்டம்பரில் கான்சஸ் சிட்டியில் ஜான் பென்னட் என்பவர், மனைவி மிர்ட்டில் டம்மியாக இருக்க, பக்கத்து வீட்டுத் தம்பதியோடு ஆடினார். காண்டிராக்ட், நம்முடையதைப் போலவே, 4 இஸ்பேட். தோற்றார். மனைவி விமர்சித்தார். கணவர் கன்னத்தில் அறைந்தார். மனைவி துப்பாக்கியை எடுத்துவந்து சுட்டார், கணவர் இறந்துபோனார். 1931இல் ஜூரி மிர்ட்டிலை விடுதலை செய்தது. அன்று அவர்கள் கையில் இருந்தவை இன்ன சீட்டுகள்தாம் என்பதில் இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் அக்காலப் பிரிட்ஜ் சக்கரவர்த்தி ஈலை கல்பர்ட்சனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் தடையாக இருக்கவில்லை. சீட்டுகளைப் பரப்பி வைத்து ஆராய்ந்து, அந்த 4 இஸ்பேடைச் செய்திருக்கலாம் என்று எழுதினார்.