ரோபோ பார்ட்னர் வாய்ச்ச மருமவனுக்கு

ஏலே மருமவனே, நடுராத்திரி வரைக்கும் மூணு ரோபோவோட பிரிட்ஜ் ஆடிட்டு, விடிஞ்சதும் எனக்குப் போன் போட்டு, "மாமா, எனக்கு வாய்ச்ச பார்ட்னர் சுத்தக் கூமுட்டை"ன்னு புலம்புத பாரு, அதைக் கேக்க எனக்கு அம்புட்டு ஆனந்தம். கல்யாணமான நாள்லருந்து உங்க அத்தை என்னைப் பத்திச் சொல்லுததும் இதேதான். நானாவது திருப்பி ரெண்டு வார்த்தை கேப்பேன். அந்தப் பாவப்பட்ட மிஷினுக்கு வாயும் கிடையாது. அதனால அதுக்கு வக்கீலா நானே வாரேன். ஃபீஸ் வேண்டாம், ஊருக்கு வரும்போது ஒரு கட்டு வெத்தலை வாங்கிட்டு வந்தாப் போதும்.

சீட்டுன்னா நம்ம பக்கத்துல முன்னூத்தி நாலும் இருபத்தெட்டும்தான். எனக்கு பிரிட்ஜ் தொத்துனது ரயில்வேயில. இன்ஸ்டிட்யூட்டுல கார்டும் டிரைவரும் ஸ்டேஷன் மாஸ்டரும் உக்காந்து ஆடுவாங்க. நாலாவது கை வராத அன்னிக்கு பாயிண்ட்ஸ்மேனா இருந்த என்னைக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. தப்பா ஒரு சீட்டு இறக்கிட்டா போதும், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கேக்குத மாதிரி வையுவாங்க. நான் வசவு வாங்கிப் படிச்சவன். நீ யார்கிட்டயும் ஒரு வசவும் வாங்காமப் படிக்க.

முதல்ல, அதைக் கூமுட்டைங்கத விடு. கராச்சியில பொறந்த ஜியா மஹ்மூத்னு ஒருத்தரு, பிரிட்ஜ் ஆடுதவன்ல அவரைத் தெரியாதவன் கிடையாது. 1990ல ஒரு சவால் விட்டாரு. நான் பொறுக்குத டீமை எந்தக் கம்ப்யூட்டராவது ஜெயிச்சுக் காட்டட்டும், பத்து லட்சம் பவுண்டு தாரேன்னாரு. கொஞ்ச வருசத்துலயே சவாலை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. செஸ்ல டீப் புளூகிட்ட காஸ்பரோவ் தோத்த அதே 1997லதான் கம்ப்யூட்டருங்களுக்குன்னு பிரிட்ஜ் உலகப் போட்டி ஆரம்பிச்சது. அடுத்த வருசம் அதை ஜெயிச்சது மேத்யூ கின்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்கர் எழுதுன 'கிப்'ங்க புரோகிராம். அதே வருசம் பிரான்சுல லீல் நகரத்துல, உலகத்துப் பெரிய கைகளை உக்கார வச்சு, சீட்டு இறக்குததுல மட்டும் ஒரு போட்டி வச்சாங்க. அதுல கிப் 12வதா வந்துது. பொறவு நெதர்லாந்துக்காரனோட 'ஜாக்'கும் பிரான்சுக்காரனோட 'டபிள்யூபிரிட்ஜ்5'ம் பட்டத்தை மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போச்சு. ஆக, ஒன் எதிர்ல உக்காந்திருக்கது லேசுப்பட்ட வம்சம் இல்லலே.

அதுகிட்ட இருக்க கோளாறு ரெண்டே ரெண்டு. நீ சொல்லுததை அப்படியே நம்பும். அது ஒண்ணு. மேசையில இருக்க எல்லாருக்கும் எல்லாச் சீட்டும் தெரியும்னு நினைச்சுக்கிடும். அது ரெண்டு. இந்த ரெண்டும் ஒரு மனுசன்கிட்ட இருந்தா, மகான்னு சொல்லி அவன் கால்ல விழுவோம். மிஷின்கிட்ட இருக்கதால கூமுட்டைங்கோம்.

நம்புத விசயத்தை மொதல்ல பேசுவோம். பிரிட்ஜ்ல கேள்வி கேக்குதது, அதாவது ஏலம் கேக்குதது, மாட்டுத்தாவணியில தரகனுங்க துண்டுக்குள்ள விரல் பிடிக்கத மாதிரி. இந்த விரலுக்கு இந்த விலைன்னு ஏற்பாடு. நம்ம தரகன் விரலைப் பிடிக்கும்போதே எதிராளி மூஞ்சியப் பாப்பான். "இவன் புளுகுதான்"னு கண்டுபிடிச்சு நூறு ரூவா குறைப்பான். ரோபோவுக்கு விரல் மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. 'ஒரு நோ-ட்ரம்ப்'னு நீ ஆரம்பிச்சா அது எழுதி வச்சுக்கிடும்: 15லருந்து 17 பாயிண்ட், நாலு சாதியும் சமமாப் பரவியிருக்கு, ஒத்தைச் சீட்டு எதுலயும் இல்ல. அம்புட்டுதான். பொறவு பிரம்மா வந்து சொன்னாலும் மாத்திக்கிடாது.

போன வாரம் நீ அனுப்பிச்ச படத்தைப் பாத்தேன். இஸ்பேட்ல ஏஸ், ராணியோட நாலு. டைமன்ல ஏஸ், ஜாக்கியோட நாலு. கிளாவர்ல ராஜாவோட நாலு. ஆட்டின்ல ஒத்தை ராஜா. எண்ணிப் பாத்தா 17 பாயிண்ட். ஒழுங்கா ஒரு டைமன் கேட்டுத் தொலைக்கதுக்கென்ன? தொரை ஒரு நோ-ட்ரம்ப் கேட்டுட்டீரு. எதுத்தாப்புல உம்ம பார்ட்னர் கையில ராணி, ஜாக்கியோட ஆறு ஆட்டின். அது ஏற்பாட்டுப்படி ரெண்டு டைமன் கேட்டுச்சு, அதாவது "ஏன்கிட்ட ஆட்டின் இருக்கு, நீ கேளு"ன்னு அர்த்தம். நீ ரெண்டு ஆட்டின் கேட்டே. ஒன்கிட்ட ரெண்டு ஆட்டினாவது கட்டாயம் இருக்கும், ஆறும் ரெண்டும் எட்டுன்னு அது கணக்குப் போட்டு நாலு ஆட்டின்ல போய் நின்னுது. ஆறும் ஒண்ணும் ஏழுன்னு ஒனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. வெளிய ஆறு துருப்பு. அதுல நாலு ஒருத்தன் கையில. கவுந்துது வண்டி. உடனே எனக்குப் போனு: "மாமா, பாத்தீயளா இந்தக் கிறுக்கனை?" பாத்தேன்டா. கிறுக்கன் எந்தப் பக்கம் உக்காந்திருந்தான்ங்கதையும் பாத்தேன்.

ஆனா இதே பொய்யைச் சொல்லி அதுக்கு முந்தின ராத்திரி மூணு நோ-ட்ரம்ப் ஜெயிச்சியே, அதைப் பத்தி எனக்குப் போன் வரல. மேசையில விரிச்சு வச்ச டம்மியிலருந்து சின்ன ஆட்டினை இழுத்தே. ஏஸ் வச்சிருந்த ரோபோ, "நோ-ட்ரம்ப் கேட்டவன் ராஜாவை ஒத்தையில வச்சிருக்க மாட்டான், துணைக்கு இன்னொரு சீட்டு நிக்கும்"னு நம்பி அடக்கி வாசிச்சுது. ஒன் ஒத்தை ராஜா ஒரு பிடியைத் தூக்கிட்டு வந்துட்டான். எதிரி நம்புனா ஒன் சாமர்த்தியம், பார்ட்னர் நம்புனா அவன் மடத்தனம். நல்லா இருக்குலே ஒன் நியாயம்.

இதுல இன்னொரு கூத்து. ரோபோவோட மோதுத பல போட்டியில, நாலு கையிலயும் எதுக்குப் பாயிண்ட் அதிகமோ அந்தக் கையை மனுசனுக்கே குடுக்காங்க. பார்ட்னர் ரோபோ ஜெயிச்ச காண்ட்ராக்டைக்கூட நீயே உக்காந்து ஆடிக்கிடலாம். அப்படி ஆடிட்டு எழுவது சதவீதம் வாங்குனேன்னு நீ அத்தைக்கு வாட்சப் அனுப்புத. அவளுக்கு விவரம் தெரியாது, சந்தோஷப்பட்டுக்கிட்டா. நானும் காட்டிக் குடுக்கல.

இப்ப ரெண்டாவது கோளாறுக்கு வாரேன். இதுதான் ருசியான சமாச்சாரம்.

52 சீட்டை நாலு பேருக்கு எத்தனை விதமாப் பகிரலாம் தெரியுமா? 29 இலக்கம் போடணும். அத்தனையையும் பாத்து முடிக்க எந்த மிஷினாலயும் ஆகாது. அதனால அது என்ன செய்யுதுன்னா, இதுவரைக்கும் நடந்த கேள்விக்கும் விழுந்த சீட்டுக்கும் பொருந்துத மாதிரி அம்பதோ நூறோ பகிர்வைத் தானாக் கற்பனை பண்ணிக்கிடும். ஒவ்வொரு பகிர்விலயும் நாலு கையையும் மல்லாத்தி வச்சு, எந்தச் சீட்டை இறக்குனா எத்தனை பிடி வரும்னு பாக்கும். எது அதிகமா ஜெயிக்கோ அதை இறக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 'மல்லாத்தி வச்சு'ங்க வார்த்தையிலதான் வினையே ஒளிஞ்சிருக்கு.

ஒரு உதாரணம் பாரு. இஸ்பேட்ல டம்மிகிட்ட ராஜா, ஜாக்கி, அஞ்சு. கையில ஏஸ், பத்து, நாலு. ராணி மட்டும் வெளிய. எந்தப் பக்கம் இருக்குன்னு சரியாச் சொல்லிட்டா மூணு பிடி, தப்புனா ரெண்டு. எங்க ஸ்டேஷன் மாஸ்டரு இதை ஊகிக்கவே மாட்டாரு. மத்த சாதியெல்லாம் இறக்கித் தீத்துட்டு, கடைசியில ஒரு பிடியை எதிரிக்கே விட்டுக்குடுத்து, "இந்தா, நீயே இஸ்பேட் இறக்கு"ன்னு சிரிப்பாரு. எதிரி இறக்குனா ராணி தானா மாட்டும். ரோபோவுக்கு இந்தச் சிரமம் எதுக்குன்னே விளங்காது. ராணி இடது பக்கம் இருக்க பகிர்வுல அது இடது பக்கம் பிடிச்சிரும், வலது பக்கம் இருக்கதுல வலது பக்கம் பிடிச்சிரும். நூத்துக்கு நூறு மூணு பிடி. அப்ப எதுக்கு அலட்டிக்கணும்? பொறவு பாத்துக்கிடலாம்னு தள்ளி வைக்கும். நேரம் வரும்போது பாத்தா, சீட்டெல்லாம் கவுந்தே கிடக்கு. இயன் ஃபிராங்க், டேவிட் பேசின்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1998லயே இந்த ஓட்டையைப் பக்கம் பக்கமா எழுதிட்டாங்க. நாளைக்கு எல்லாம் வெளங்கிரும்னு இன்னைக்கு வேலையத் தள்ளிப்போடுதது ரோபோகிட்ட மட்டும் இருக்க வியாதி இல்ல. ஒன் எம்.எஸ்சி. அரியரைப் பத்தி நான் ஒண்ணும் பேசல.

தடுத்து ஆடும்போது இது இன்னும் வேடிக்கை. ராணி அது கையில இருக்கும். நீ அந்த ராணியைத் தேடித் தவிச்சுக்கிட்டிருப்ப. அது என்னடான்னா அந்தச் சாதியிலயே ஒரு சின்னச் சீட்டை இறக்கி, ஒனக்கு ஓசியில வழியக் காட்டிரும். கேட்டா, "அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எப்படியும் பிடிச்சிருவான், எதை இறக்குனா என்ன?"ன்னு நினைப்பு. உன்னை அது அம்புட்டு பெரிய ஆளா நினைக்குதுலே! பெத்த தாய் தகப்பன்கூட உன்னை அப்படி நினைச்சது கிடையாது. அதேமாதிரி, அது கற்பனை பண்ணுன எல்லாப் பகிர்விலயும் உன் காண்ட்ராக்ட் ஜெயிச்சிருச்சுன்னு வையி, அதோட அது ஆட்டத்தையே விட்டுரும். எல்லாச் சீட்டும் ஒண்ணுதான்னு ராஜாவுக்குக் காவல் நின்ன சீட்டைத் தூக்கி எறியும். மனுசன்னா, தோக்கப்போறோம்னு தெரிஞ்சாலும் எதிரி தூங்கிருவானோன்னு கடைசி வரைக்கும் காவல் காப்பான். எதிரி தூங்குவான்ங்க ஞானம் ரோபோவுக்குக் கிடையாது.

சைகை விசயமும் அப்படித்தான். நீ பெரிய சீட்டை இறக்கி, பின்னால சின்னதை இறக்கி, "இந்தச் சாதியவே போடு"ன்னு கெஞ்சுவ. அது பாதி நேரம் அதைக் கண்டுக்கிடாது. அது இறக்குத சின்னச் சீட்டுலயும் நீ அர்த்தம் தேடாத. ஆனா ஒண்ணு, அது இருமாது. சிரிக்காத. பாலித் தீவுல 2013ல நடந்த மூத்தவங்க உலகப் போட்டியில ஜெர்மன் டாக்டருங்க ரெண்டு பேரு இருமி இருமியே கையில இருக்கதைச் சொல்லிக்கிட்டாங்கன்னு உலக பிரிட்ஜ் சம்மேளனம் அவங்களை விலக்கி வச்சுது. டாக்டருங்களுக்கே இருமல்! ரோபோவுக்குப் பெருமூச்சு கிடையாது, முறைப்பு கிடையாது, சீட்டை டொக்குன்னு வைக்கத் தெரியாது. அந்த வகையில உன்னைவிட, ஏன் என்னைவிடவும், ஒழுக்கமான பிள்ளை.

2022 மார்ச்சுல பாரிஸ்ல 'நூக்'னு ஒரு பிரிட்ஜ் புரோகிராம் எட்டு உலக சாம்பியன்களைத் தோக்கடிச்சதைப் படிச்சிருப்ப. 80 செட்டுல 67 அது பக்கம். பேப்பர்ல தலைப்பைப் பாத்துட்டு, மனுசன் கதை முடிஞ்சுதுன்னு ஒரு மெசேஜ் போட்டியே. முழுசாப் படிக்கணும்லே. எல்லா ஆட்டமும் மூணு நோ-ட்ரம்ப்னு முன்கூட்டியே நிச்சயம், கேள்வியே கிடையாது. நூக்குக்கும் சரி, அந்தச் சாம்பியன்களுக்கும் சரி, எதிர்த்து ஆடுனது ரோபோதான். ரோபோவை எங்க தட்டுனா எங்க விழும்னு அந்த நூக்குக்கு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சிருக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன். கேள்வியையும் சேத்து, ஜோடி ஜோடியா உக்காந்து, நல்ல கைங்களை ஜெயிக்கட்டும். அன்னிக்கு நானே வெத்தலையோட அதைப் போய்ப் பாக்கேன்.

இப்ப நீ செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். கேள்வி கேக்கதுக்கு முன்னால ஸ்கிரீன்ல அந்தக் கேள்விக் கட்டத்து மேல அம்பைக் கொண்டு வை. அதுக்கு ரோபோ என்ன அர்த்தம் வச்சிருக்குன்னு எழுத்துல காட்டும். அதை வாசி. உனக்குத் தோணுத அர்த்தம் செல்லாது. அது எழுதி வச்சிருக்கதுதான் சட்டம். நாலு சுத்து கேள்வி போன பொறவு புதுசா ஒரு வித்தையக் காட்டணும்னு கை துறுதுறுக்கும். காட்டாத. ஏற்பாடு இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா அது நேரா ஏழுக்குத் தாவி உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும். தெரிஞ்சதைச் சுருக்கமாக் கேட்டு, போய்ச் சேர வேண்டிய எடத்துல முடிச்சிரு. தடுத்து ஆடும்போது நீயே எண்ணு, அதை நம்பாத. தோத்தா அதை வையாத. அதுக்குக் கேக்காது, பக்கத்து அறையில தூங்குதவளுக்குத்தான் கேக்கும்.

எதிர்ல ரெண்டு பக்கமும் ரோபோ இருந்து, பார்ட்னரும் ரோபோவா இருந்தா, எப்பவாவது ஒரு பொய் சொல்லிக்க, நான் தடுக்கல. மூணு பேரும் ஒண்ணுபோல நம்பும். எவனுக்கு நஷ்டம்னு பின்னால பாத்துக்கிடலாம். ஆனா அந்தப் பழக்கத்தை மனுசன் உக்காந்திருக்க மேசைக்குக் கொண்டுவந்திராத. அங்க ரெண்டாவது பொய்யிலயே உன் கேள்விக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

வார சனிக்கிழமை சாயங்காலம் எங்க செட்டுல ஒரு கை குறையுது. ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கண்ணு ஆபரேஷன். அஞ்சு மணி வண்டியில வந்து சேரு. சீட்டுக்கட்டு இருக்கு, வசவும் இருக்கு. ஒத்தைச் சீட்டை வச்சுக்கிட்டு ஒரு நோ-ட்ரம்ப் கேட்டியோ, அன்னிக்கு எல்லாருக்கும் டீயும் வடையும் உன் கணக்கு.