கரண்டியில் தேசிக்காய், கையில் விண்ணப்பப்படிவம்

யூலை 1ஆம் திகதி கனடா தினத்துக்குச் சாக்கோட்டம் வைக்க வேண்டுமென்றால் முந்திய வருடம் நவம்பரிலேயே மனுப்போட வேண்டும். ஸ்காபரோவில் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் மன்றம் என்று எதிலாவது செயலாளராக மாட்டிக்கொண்ட எவருக்கும் இது புதிதல்ல. வெளியே பனி கொட்டும். உள்ளே இரண்டு சோடிக் காலுறையோடு ஒரு மனிதர் குந்தியிருந்து, 'கடும் வெயில் எறித்தால் பங்கேற்பாளர்களை எவ்வாறு பாதுகாப்பீர்கள்?' என்ற கேள்விக்கு விடை எழுதுவார்.

இந்தக் கட்டுரையாளர் அப்படி ஒருவர். விளையாட்டுக்கு ஒரு பத்தி, கடைசியில் செலவுக் கணக்கு என்று எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். போன கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்த அலுவலகத்திலிருந்து என்று அவர் சொல்லமாட்டார். அடுத்த வருடமும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்தது, மகிழ்ச்சி, ஆனால் 'செயற்பாடு 4: தேசிக்காய்-கரண்டி ஓட்டம்' என்பதன் எதிர்பார்க்கப்படும் விளைவுகளும் அவற்றை அளக்கும் முறையும் தெளிவாக இல்லை, ஐந்து வேலை நாட்களுக்குள் 1,000 எழுத்துகளுக்கு மேற்படாமல் விளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். இடைவெளியும் ஓர் எழுத்தாம்.

மானியம் கட்டாயம் கிடைக்கும்படி விண்ணப்பம் எழுத ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் சில விபரங்கள்.

கனடாவில் மத்திய அரசு கொண்டாட்டத்துக்குக் காசு கொடுப்பது உண்மை. கனேடிய மரபுரிமைத் திணைக்களத்துக்கு இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. யூன் 21 தேசியப் பூர்வகுடிகள் தினம், 24 கியூபெக்காரரின் சென்ற் ஜோன் பப்ரிஸ்ற் தினம், 27 பல்கலாசார தினம், யூலை 1 கனடா தினம் ஆகிய நாலையும் அது பார்த்துக்கொள்கிறது. நிகழ்ச்சி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், கட்டணம் வாங்கக்கூடாது, உதவிக்கு நன்றி சொல்வதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்ல வேண்டும். நியாயமான நிபந்தனைகள். கட்டுரையாளரின் மனக்கசப்புக்கும் இந்தத் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நகரசபை, மாகாணம், அறக்கட்டளை, வங்கி என்று இந்த நாட்டில் காசு கொடுக்கும் கைகள் பல, கைக்கொரு படிவம்.

அந்தத் தினம் இன்றைய பெயரைப் பெற்ற கதையும் இருக்கிறது. 1867 யூலை 1இல் கூட்டாட்சி பிறந்தது. 1879 முதல் அந்த நாள் டொமினியன் தினம் என்ற பெயரில் விடுமுறை. 1982 யூலை 9, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கீழவையில் கோரத்துக்கு 20 பேர் வேண்டும். இருந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தச் சொற்பப் பேரும் சில நிமிடங்களில் அதைக் கனடா தினம் ஆக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றிவிட்டு வார இறுதிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ஒரு நாட்டின் தேசிய தினத்துக்குப் பெயர் மாற்ற ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் போதும். அந்தத் தினத்தில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுவதற்கு விளக்கம் எழுத ஐந்து வேலை நாள்.

மக்களை அசைய வைப்பதில் கனடா அரசுக்கு அக்கறை இல்லையென்று சொல்ல முடியாது. பார்ட்டிசிப்பாக்சன் என்ற அமைப்பு 1971இல் அதற்காகவே தொடங்கப்பட்டது. அதன் பழைய தொலைக்காட்சி விளம்பரமொன்று, 30 வயதுக் கனேடியரும் 60 வயதுச் சுவீடன்காரரும் உடல் வலுவில் ஏறக்குறைய ஒன்று என்று சொல்லி நாட்டையே வெட்கப்படுத்தியது. இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது பொருளாளர் உடனே கணக்குப் போட்டார்: "அப்ப எங்கட தலைவர் அண்ணைக்குச் சுவீடன் கணக்கில 136." தலைவர் சிரிக்கவில்லை. அந்த அமைப்புக்கும் காசு சுருங்கி 2001இல் கதவு மூடப்பட்டு, 2007இல்தான் மறுபடி திறந்தது. 2019இல் அது ஊர்களுக்கிடையே வைத்த போட்டியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எண்டர்பி என்ற சின்ன ஊர் நாட்டிலேயே அதிகம் அசையும் ஊர் என்று வென்று 1,50,000 டொலர் பரிசு பெற்றது. அசைந்தால் காசு வருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. கட்டுரையாளர் இந்த மாரி முழுவதும் அசைத்தது வலதுகை ஆட்காட்டி விரலை.

சரி, வழிக்கு வருவோம். ஆனால் தேசிக்காயை முடிக்காமல் வழிக்கு வர முடியாது.

எதிர்பார்க்கப்படும் விளைவு என்ற பெட்டியில் கட்டுரையாளர் முதலில் எழுதியது: 'பிள்ளைகள் சிரிப்பார்கள்.' தலைவர் அண்ணை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தம்பி, சிரிப்பெண்டு எழுதாதையும். சமூகப் பிணைப்பு எண்டு போடும்." போட்டாயிற்று. அடுத்த பெட்டி, அதை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டது. சிரிப்பையாவது எண்ணலாம். பிணைப்பை எண்ணுவது எப்படி? விழுந்த தேசிக்காய்களை எண்ணலாமே என்றார் ஒருவர். அங்கேதான் சிக்கல் பிறந்தது. தேசிக்காய் விழுந்தால் அது தோல்விக் கணக்கா, வெற்றிக் கணக்கா? தோல்வி என்றார் பொருளாளர். மகளிர் அணி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "விழுந்தாத்தானே குனிஞ்சு எடுப்பினம். குனியிறது தேகப்பயிற்சி எல்லோ?" ஆகவே எவ்வளவு கூட விழுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு தேசிக்காயையும் விழவிடாமல் முதலாவதாக வருகிற பிள்ளை மானிய நோக்கத்துக்கு விரோதி.

தேகப்பயிற்சி என்ற சொல் வந்ததும் படிவம் விழித்துக்கொண்டது. கனடாவின் வழிகாட்டலின்படி வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்புச் செய்ய வேண்டும், பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம். ஓர் ஓட்டம் நாற்பது விநாடி என்று வைத்தால், ஒரு தகப்பன் வாரத்துக்கு 225 தடவையும் அவருடைய மகள் நாளுக்கு 90 தடவையும் கரண்டியோடு ஓட வேண்டும். அதுவும் மிதமானதா, கடுமையானதா? கால் மெதுவாகத்தான் போகிறது. ஆனால் கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது, மூச்சு நின்றே போகிறது. மூச்சு நிற்பதற்கு அந்த வழிகாட்டலில் பெட்டி கிடையாது.

அடுத்தது, எல்லோரையும் உள்வாங்குதல். கரண்டியை வாயில் கடித்தபடி ஓட வேண்டும் என்றால் பொய்ப்பல் கட்டியவர்கள் விலக்கப்படுகிறார்கள், இது பாகுபாடு. கையில் பிடிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் பழைய மாணவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள், இதுவும் பாகுபாடு. ஒருவர் கடித்த கரண்டியை மற்றவர் கடிப்பது சுகாதாரக் கேடு. ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கரண்டி என்றால் அதை விற்க மத்திய அரசு தடை போட்டாயிற்று. மரக்கரண்டியில் பள்ளம் இல்லை, தேசிக்காய் நிற்காது. எவர்சில்வர் கரண்டி இருக்கிறது, யாரோ ஒருவரின் கலியாணத்துக்கு வந்த சீர். அதைக் காசாக அல்லாமல் பொருளாகக் கிடைத்த பங்களிப்பு என்று வரவுசெலவில் காட்டலாம். காட்டினால் பெறுமதி போட வேண்டும், பெறுமதி போட்டால் பற்றுச்சீட்டு வேண்டும். 1991இல் மானிப்பாயில் வாங்கிய கரண்டிக்கு எங்கே போவது?

தேசிக்காய் விடயத்தில் படிவம் இன்னும் கறார். 'உள்ளூர் உற்பத்திகளுக்கு முன்னுரிமை கொடுப்பீர்களா?' ஒன்ராறியோவின் குளிரில் தேசி மரம் நிற்குமா? கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வருவது, விதையில்லாதது, ஊர்த் தேசிக்காயைவிடப் பருத்தது. அது கரண்டியில் உட்காருவதே இல்லை. உருளைக்கிழங்கு வைத்தால் உள்ளூர் உற்பத்தி ஆகிவிடும், ஆனால் உருளாது. உருளாத ஒன்றைக் கரண்டியில் வைத்துக்கொண்டு போவதற்குப் பெயர் விளையாட்டல்ல, பந்தி பரிமாறுதல். பிறகு கழிவு முகாமைத்துவம்: போட்டி முடிந்த தேசிக்காய்களை என்ன செய்வீர்கள்? பிழிந்து தண்ணீர் ஊற்றினால் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அக்கா ஊறுகாய் என்றார். கட்டுரையாளர் அதை 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று எழுதினார். தலைவர் முதல்முறையாக அவர் முதுகில் தட்டினார்.

கடைசிக் கேள்விதான் கட்டுரையாளரை எழும்பி நடக்க வைத்தது. மானியம் முடிந்த பின்னர் இச்செயற்பாடு எவ்வாறு நிலைத்திருக்கும்? யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அது ஒரு சதம் மானியமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது. குளுக்கோஸ் ஒரு சரை, உரித்த தோடம்பழம் ஒரு சுளகு, விசிலோடு ஒரு வாத்தியார், விழுந்தவனைத் தூக்க நாலு பேர். முதலுதவித் திட்டம், இடர் முகாமைத்துவம், தொண்டர் அணி எல்லாம் அதுதான். அஞ்சலோட்டத்தில் கோலைத் தவறவிட்டவனை ஊர் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய நீண்டகால விளைவை எந்த மதிப்பீட்டாளர் அளந்துவிடப் போகிறார்?

1,000 எழுத்து எப்போதோ தாண்டியாயிற்று.

காப்புறுதியைச் சொல்லாமல் விடக்கூடாது. பூங்காவில் இடம் கேட்டால் ஒன்ராறியோ நகரங்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்பது வழமை. 20 லட்சம் டொலர் என்பது சாதாரணத் தொகை. காப்புறுதி முகவர் தொலைபேசியில், ஆபத்தான விளையாட்டு ஏதும் உண்டா என்று கேட்டார். சங்கீதக் கதிரை என்றார் கட்டுரையாளர். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பாட்டு நிற்கும்போது ஒரு கதிரைக்கு இரண்டு மாமிமார் போட்டியிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த மனிதர் அறிந்திருக்க நியாயமில்லை; ஆனாலும் கட்டணத்தைக் கூட்டினார்.

இதே யூலை 1இல் கியூபெக் மாகாணத்தில் காப்புறுதியோ மானியமோ இல்லாமல் ஒரு பிரமாண்டமான விளையாட்டு நடக்கிறது. அங்கே வாடகை ஒப்பந்தங்கள் முன்பு வசந்தத்தில் முடியும். பிள்ளைகள் பள்ளி ஆண்டின் நடுவே வீடு மாறக்கூடாது என்று 1970களில் அரசு அதை யூலைக்குத் தள்ளிவைத்தது. அன்றிலிருந்து மொன்றியல் முழுவதும் கனடா தினத்தன்று குளிர்சாதனப்பெட்டி தூக்குகிறது. வளைந்த இரும்புப் படிக்கட்டில் மெத்தையோடு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவரிடம், இது மிதமானதா கடுமையானதா என்று யாராவது கேட்கட்டும் பார்ப்போம்.

கூடைப்பந்தின் கதையும் அப்படித்தான். ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவின் அல்மொன்ற் பக்கத்துக்காரர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், மாரிகாலத்தில் அறைக்குள் அடைபட்ட மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. கட்டடம் பார்ப்பவரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச்பழக் கூடை இருக்கிறது என்றார் அவர். இரண்டு கூடை, 13 விதி, விடயம் முடிந்தது. அன்றைக்கு அவரிடம் மூன்று கடைகளின் விலைமனு கேட்டிருந்தால் அந்த மாணவர்கள் வசந்தம் வரை ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. தேசிக்காயைத் தூக்கிவிட்டு லக்ரோஸ் போடலாம் என்றார் பொருளாளர். காரணம் சட்டம்: 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மாரிகாலத் தேசிய விளையாட்டு ஐஸ் ஹொக்கி, கோடைகாலத் தேசிய விளையாட்டு லக்ரோஸ். தேசிய தினம், தேசிய விளையாட்டு, புள்ளி கொட்டும். பூர்வகுடிகளின் விளையாட்டு என்பதால் இன்னும் கொட்டும். சபையில் லக்ரோஸ் மட்டையைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. கிளித்தட்டு போடுவோம், அதற்கு மட்டையே வேண்டாம் என்றார் தலைவர். அதன் விதிகளை 1,000 எழுத்துக்குள் எழுதச் சொன்னால் தான் பதவி விலகுவதாகக் கட்டுரையாளர் அறிவித்தார். பதவிக்கு வேறு ஆள் இல்லாததால் கிளித்தட்டு கைவிடப்பட்டது.

அந்த நேரத்தில்தான் வீடு விற்கும் முகவர் ஒருவர் கதவைத் தட்டினார். தமிழ் நிகழ்ச்சி எதற்கும் அவர்களில் ஒருவராவது வராமல் இருப்பதில்லை. முழுச் செலவையும் தானே தருவதாகச் சொன்னார். விளைவு வேண்டாம், அளவுகோல் வேண்டாம், அறிக்கை வேண்டாம். ஒரேயொரு நிபந்தனை, சாக்கோட்டத்துச் சாக்கு ஒவ்வொன்றிலும் அவருடைய படமும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும்.

"அண்ணை, பெடியள் உதுக்குள்ள காலை விட்டு மிதிச்சுக்கொண்டெல்லோ பாய்வாங்கள்" என்றார் பொருளாளர்.

முகவர் கொஞ்சம் யோசித்தார். படத்தைச் சாக்கின் மேல் விளிம்புக்கு ஏற்றலாம் என்றார். ஏற்றினால் பிள்ளைகள் பிடிக்கிற இடத்தில் கன்னம் கசங்கும் என்றார் அக்கா. முன்பக்கம் படம், பின்பக்கம் இலக்கம் என்று முடிவாயிற்று. தலைவர் கையெழுத்துப் போட்டார். அச்சடிப்பதற்குச் செயலாளர் மூன்று அச்சகங்களிடம் விலைமனு கேட்டிருக்கிறார். அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.