நுரை பார்த்து வாங்குகிறவர்கள்

காபி மெஷின் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பார்?" பெட்டியிலும் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எஸ்பிரஸோ இறங்க 9 பார் போதும். மிச்ச அழுத்தமெல்லாம் பர்ஸுக்குத்தான். பால் நுரைப்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. அது நீராவிக் குழாயின் பொறுப்பு. முனை பாலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நின்று, 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்றை இழுக்க வேண்டும்; அப்புறம் சற்றே உள்ளே இறங்கிப் பாலைச் சுழற்ற வேண்டும். 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். விலை குறைந்த மெஷின்களில் முனைக்கு ஒரு உறை மாட்டியிருப்பார்கள். யார் பிடித்தாலும் நுரை வரும், ஷேவிங் க்ரீம் மாதிரி. அதை ஊற்றி இதயம் வரையப் பார்த்தால் கத்தரிக்காய் விழும்.

குழாயை உடனே துடைக்காவிட்டால் பால் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் இதைச் சொல்வாரா என்ன? "தானே கழுவிக்கொள்ளும் மாடல் இருக்கு சார்" என்பார். விலை லட்சத்தை எட்டிப் பார்க்கும்.

நண்பர் ஒருவர் அதையும் வாங்கிவிட்டார். ஊரிலிருந்து வந்த மாமனாருக்கு முதல் கப்பைப் பெருமையோடு நீட்டினார். அவர் நுரையை ஸ்பூனால் வழித்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஆத்திக் குடிக்க ஒரு டபரா கொடுங்க மாப்பிள்ளை" என்றார்.