கழுகுக்குக் காது வைத்தவர்

ஒட்டுக்கேட்பவனுக்கு இரண்டு தலைவலிகள். முதலாவது, கருவியை எதிராளி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது. இரண்டாவது, வைத்த கருவிக்குத் தீனி போடுவது, அதாவது மின்சாரம். பேட்டரி வைத்தால் தீர்ந்துபோகும். மாற்ற ஆள் அனுப்ப முடியாது. ஒயர் இழுத்தால், பெருக்க வரும் அம்மாவே "இது என்ன புது ஒயரு?" என்று கேட்டுக் காட்டிக்கொடுத்துவிடுவார். உளவுத்துறைகள் மண்டையை உடைத்துக்கொண்ட இந்த இரண்டுக்கும் ஒரே மரப்பலகையில் விடை கிடைத்தது. இரண்டாவதற்கு விடை சொன்னவர் ஒரு சங்கீதக்காரர். சொன்ன இடம் ஜெயில்.

அவர் பெயர் லெவ் டெர்மென். 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, இயற்பியலையும் செல்லோ வாசிப்பையும் சேர்த்துப் படித்தவர். மேற்கே போனதும் லியோன் தெரமின் ஆகிவிட்டார். ஆன்சைட் போன கிருஷ்ணமூர்த்தி ‘கிரிஸ்’ ஆகித் திரும்பும் வழக்கம் நேற்று வந்ததல்ல.

புரட்சி முடிந்த கையோடு பெட்ரோகிராடில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களை அளக்கக் கருவி செய்துகொண்டிருந்தார். கருவி ஊளையிட்டது. கையைக் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறியது; எடுத்தால் இறங்கியது. கை நகரும்போது சர்க்யூட்டின் மின்தேக்கக் கணக்கு மாறுகிறது, அந்த மாற்றம் ஒலியாக வருகிறது, அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் ரிப்பேர் என்று மூலையில் போட்டிருப்பார்கள். இவர் செல்லோக்காரர், அதிலேயே பாட்டு வாசித்துவிட்டார். தொடாமலே வாசிக்கும் வாத்தியம் பிறந்தது. பக்கை ஃபீச்சர் என்று அறிவித்து ரிலீஸ் செய்யும் கலைக்கு இவரைக் குலகுருவாக வைத்துக்கொள்ளலாம்.

அப்போது அந்த நாட்டில் பெரும்பாலான ஊர்களில் கரண்டே கிடையாது. சோவியத் ஆட்சியோடு மின்சாரத்தைக் கூட்டினால் விடை கம்யூனிசம் என்று லெனின் கணக்குப் போட்டிருந்தார். 1920-இல் ‘கோயெல்ரோ’ என்று ஒரு திட்டமும் தீட்டியாயிற்று: 30 மின்நிலையங்கள், 10 முதல் 15 ஆண்டுகளுக்குள். மின்சாரத்தின் மீது இப்படிப் பித்துப் பிடித்திருந்த மனிதரிடம், 1922 மார்ச்சில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரெம்ளினுக்குப் போனார் டெர்மென். இன்றைய பாஷையில் இன்வெஸ்டர் மீட்டிங்.

டெர்மென் பின்னாளில் சொன்ன கதைப்படி, அங்கே முதலில் காட்டியது வாத்தியத்தை அல்ல, திருடன் அலாரத்தை. அதே சர்க்யூட்தான், யாராவது கிட்டே வந்தால் சத்தம் போடும். அறையில் இருந்த ராணுவக்காரர் ஒருவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, பூனைபோல் பதுங்கிப் போய்ப் பார்த்தார். அலாரம் அலறியது. லெனின் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் வாத்தியத்துக்கு வந்தார்கள். டெர்மென் கையைப் பிடித்து வழிகாட்ட, கிளிங்காவின் ‘வானம்பாடி’யை லெனின் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் தனியாகவே வாசிக்கத் தேறிவிட்டாராம். தேறவில்லை என்று சொல்ல அந்த அறையில் யாருக்குத் தைரியம் வரும்? வாத்தியத்தோடு நாடு முழுக்கச் சுற்றி வர ரயிலில் ஓசி பாஸ் கிடைத்தது.

அந்த ஒரு மாலையிலேயே எல்லாம் இருக்கிறது. ஒரே சர்க்யூட் பாடவும் செய்யும், ஆளைப் பிடிக்கவும் செய்யும். எதைச் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் எஞ்சினியர் அல்ல, கிளையன்ட்.

1927 கடைசியில் டெர்மென் நியூயார்க்கில் இறங்கினார். காற்றிலிருந்து சங்கீதம் வரவழைக்கும் ரஷ்யர் என்று பத்திரிகைகள் பரவசப்பட்டன. தொழில்நுட்பச் செய்தி எழுதுபவர்களுக்கு அன்றும் இன்றும் இரண்டே மனநிலைதான்: உலகம் மாறப்போகிறது, அல்லது உலகம் அழியப்போகிறது. ஆர்.சி.ஏ. கம்பெனி உரிமம் வாங்கி, 1929-இல் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தது. வாயில் பாட்டு முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், எவரும் வாசிக்கலாம் என்றது விளம்பரம். உண்மையில் கட்டையும் இல்லாமல் மெட்டும் இல்லாமல் வெறுங்காற்றில் ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். விரல் ஒரு மயிரிழை பிசகினால் ‘வானம்பாடி’ ஆம்புலன்ஸ் ஆகிவிடும். விலை 175 டாலர். வால்வும் ஸ்பீக்கரும் தனி. சார்ஜரைத் தனியாக விற்கும் சூட்சுமத்தை அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை படுத்தது. செய்தது 500 கருவிகள் அளவுக்குத்தான்.

டெர்மென் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. மேடையில் கச்சேரி, மேடைக்குப் பின்னால், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் என்ன நடக்கிறது என்று சோவியத்காரர்களுக்குத் தகவல். இரண்டு சம்பளம் வாங்கும் மூன்லைட்டிங்கைப் பிடித்துவிட்டோம் என்று இன்றைய ஹெச்.ஆர். துறைகள் குதிக்கின்றன, இவர் வல்லரசு அளவில் செய்தவர். நடுவில் லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின பாலே கலைஞரைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார்.

1938-இல், கடன் கழுத்தை நெரிக்க, கப்பலேறி ஊர் திரும்பினார். கப்பலின் பெயர் ‘பழைய போல்ஷெவிக்’. அந்த வருஷம் ஸ்டாலின் பழைய போல்ஷெவிக்குகளைத்தான் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். (நம்மூரில் ஸ்டாலின் என்றதும் வேறு முகம் நினைவுக்கு வரும். இவர் மாஸ்கோக்காரர், மீசைக்காரர்.) சகுனம் பார்க்கிற நம் பாட்டிகள் யாராவது துறைமுகத்தில் இருந்திருந்தால் மனிதரை ஏறவே விட்டிருக்க மாட்டார்கள். பின்னாலேயே மனைவியும் வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

1939 மார்ச்சில் கைது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான கிரோவைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு என்று ஒரு கதை ரஷ்யாவில் வழங்குகிறது. வானியல் ஆய்வகத்துப் பெண்டுலத்துக்குள் வெடிகுண்டு வைப்பார்களாம், டெர்மென் அமெரிக்காவிலிருந்து ரேடியோ அலை அனுப்பி அதை வெடிக்கவைப்பாராம். கிரோவ் 1934-லேயே ஓர் அலுவலக நடைவழியில் துப்பாக்கியால் சுடப்பட்டுச் செத்துப்போனவர். எழுதியவர் ஸ்பெசிஃபிகேஷனைப் படிக்காமலே கோடு அடித்திருக்கிறார். தண்டனை 8 ஆண்டு. அனுப்பிய இடம் கோலிமா, கடுங்குளிரில் கைதிகளை வேலை வாங்கிய முகாம் பகுதி. அங்கே கல் சுமக்கும் தள்ளுவண்டிகளுக்கு மரத்தால் தண்டவாளம் போட்டுக்கொடுத்து டீமின் உற்பத்தியை ஏற்றிவிட்டார் என்பார்கள். வேலையைச் சீக்கிரம் முடிப்பவனுக்குப் பரிசு இன்னொரு வேலை என்ற ஐ.டி. விதிப்படி, மாஸ்கோவுக்கு மாற்றல் வந்தது.

போன இடத்தின் பெயர் ஷராஷ்கா. விஞ்ஞானிகளையும் எஞ்சினியர்களையும் கைதிகளாக அடைத்துவைத்து வேலை வாங்கிய ரகசிய ஆய்வுக்கூடங்கள் இவை. டெர்மென் போய்ச் சேர்ந்த ஷராஷ்காவின் டீம் லீட், விமான மேதை துப்பலேவ்; அவரும் கைதிதான். பின்னாளில் ஸ்புட்னிக்கையும் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பிய கொரொல்யோவும் அங்கே கைதி. யோசித்துப் பாருங்கள்: நல்ல சாப்பாடு வளாகத்துக்குள்ளேயே. தங்குமிடம் வளாகத்துக்குள்ளேயே. செய்கிற வேலையை வீட்டில் சொல்லக்கூடாது. டெட்லைனை மேலே யாரோ வைப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் கோலிமா. நோட்டீஸ் பீரியட் 8 ஆண்டு. பீன் பேக்கும் டேபிள் டென்னிசும் மட்டும்தான் பாக்கி.

இப்படி ஷராஷ்காவில் கைதியாக இருந்தபோதுதான் நம் வித்வான் தன் பழைய வாத்தியத்தை உள்வெளியாகத் திருப்பினார். அன்று கை அசைந்தால் ஒலி மாறியது. இப்போது ஒலி வந்தால் ஒரு தகடு அசைய வேண்டும். அசைந்தால் ரேடியோ அலை மாற வேண்டும். வெள்ளி பூசிய ஒரு சின்னச் செம்பு உருளை, அதன் வாயில் மெல்லிய உலோகச் சவ்வு, பக்கவாட்டில் சாண் நீளத்துக்கு ஓர் ஆண்டெனா. பேட்டரி இல்லை, வால்வு இல்லை, ஒயர் இல்லை. சும்மா கிடக்கும்போது அது வெறும் உலோகத்துண்டு. வெளியே எங்கிருந்தோ சரியான அலைவரிசையில் ரேடியோ அலையைப் பாய்ச்சினால் உயிர் வரும்; அறைப் பேச்சுக்குச் சவ்வு அதிரும்; திரும்பிப்போகும் அலை பேச்சையும் சுமந்துபோகும். அலையை நிறுத்தினால் மறுபடி பிணம். சோதனைபோட வருபவர்கள் என்னதான் தடவினாலும், பிணத்திடம் நாடி கிடைக்குமா?

இரண்டாவது தலைவலி தீர்ந்தது. முதல் தலைவலிக்கு அரசாங்கம் குழந்தைகளைக் கூப்பிட்டது. 1945 ஆகஸ்ட் 4, ஹிரோஷிமாவுக்கு இரண்டு நாள் முன்பு, அமெரிக்காவும் ரஷ்யாவும் இன்னும் தோழர்கள். சோவியத் சிறுவர் இயக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனிடம் ஒரு பரிசைக் கொடுத்தார்கள்: மரத்தில் அழகாகச் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. சிறகு விரித்த கழுகு. அலகுக்குக் கீழே, மரத்துக்குள், நம் உருளை. பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்ததை யாராவது வேண்டாம் என்பார்களா? தூதர் மாளிகையான ஸ்பாசோ ஹவுஸில், படிப்பறைச் சுவரில் மாட்டினார்கள். ஓசியில் வந்ததை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை.

7 வருஷம் தொங்கியது. தூதர்கள் மாறினார்கள், கழுகு மாறவில்லை. 1951-இல் பிரிட்டிஷ் ரேடியோக்காரர் ஒருவர் எதையோ திருகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கர்கள் பேசுவது காற்றில் பச்சையாகக் கேட்டது. மாளிகையை அலசினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. 1952-இல் தூதராக வந்தவர் ஜார்ஜ் கென்னன். நிபுணர்கள் ஒரு நாடகம் போடச் சொன்னார்கள்: படிப்பறையில் உட்கார்ந்து, செயலாளருக்கு ஏதோ முக்கியக் கடிதம் சொல்வதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கேட்பவன் அலையைப் பாய்ச்சுவான், பிடித்துவிடலாம். வல்லரசின் தூதர் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நிபுணர் கருவியோடு அறை அறையாக மோப்பம் பிடித்து வந்து, கழுகுக்குப் பின்னால் சுவரைக் கொத்தினார். சுவரில் ஒன்றுமில்லை. அடுத்து சுத்தியல் கழுகு மேலேயே விழுந்தது. உருளை வெளியே வந்தது. யாரும் திருடிக்கொண்டு போய்விடக்கூடாது என்று நிபுணர் அன்றிரவு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாராம்.

அமெரிக்கா இதை உடனே ஊருக்குச் சொல்லவில்லை. சமயம் பார்த்துக் காத்திருந்தது. 1960 மே மாதம் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை ரஷ்யா சுட்டு வீழ்த்தியது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் ரஷ்யர்கள் நியாயம் பேசியபோது, அமெரிக்கப் பிரதிநிதி லாட்ஜ் அந்தக் கழுகைத் தூக்கிக்கொண்டு வந்து, அலகுக்குக் கீழே இருந்ததைச் சபைக்குக் காட்டினார். நான் உன் ஜன்னலில் எட்டிப்பார்த்தது தப்புதான், ஆனால் நீ என் அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தாயே என்ற தெருச்சண்டை வாதம் கச்சிதமாக எடுபட்டது. தனிமனித அந்தரங்கம் பற்றி அரசாங்கங்கள் பேசும்போதெல்லாம், தங்கள் அந்தரங்கத்தைத்தான் சொல்கின்றன என்று புரிந்துகொண்டால் போதும்.

கண்டுபிடித்தவர் கதி? 1947-இல் ஸ்டாலின் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடி ஜன்னலில் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கும் இன்னொரு கருவிக்கான அப்ரைசல் அது. விடுதலையும் கொடுத்தார்கள். விடுதலையான மனிதர் அதே ரகசியத் துறையில் 1960-கள் வரை வேலை பார்த்தார். கான்ட்ராக்ட் பெர்மனென்ட் ஆனது, அவ்வளவே. பிறகு மாஸ்கோ இசைக் கல்லூரியில் தன் வாத்தியங்களோடு ஒதுங்கினார். 1967-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் அவரை அங்கே கண்டு எழுதினார். செத்துப்போனார் என்று நினைத்திருந்த அமெரிக்க நண்பர்களுக்கு அதிர்ச்சி. கல்லூரிக்கு அதைவிட அதிர்ச்சி. வேலை போயிற்று, வாத்தியங்களும் போயின. சிறையிலும் வேலையை விட்டு நீக்கப்படாதவரை நீக்க ஒரு பாராட்டுக் கட்டுரை போதுமானதாக இருந்தது. 1991-இல், எல்லாரும் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மனிதர் போய் உறுப்பினராகச் சேர்ந்தார். அதே ஆண்டு கட்சி கலைந்தது, நாடும் கலைந்தது. 1993-இல் 97 வயதில் காலமானார்.

அவர் கருவியின் வாரிசுகள் நம்மூரில் செழிப்பாக இருக்கிறார்கள். கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகில் பேட்டரி கிடையாது. டோல்கேட் ரீடர் அனுப்பும் அலையை வாங்கி உயிர்பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் கழுத்தில் தொங்கும் அட்டையும் அதே குடும்பம்; எத்தனை மணிக்கு உள்ளே போனாய், டீக்கு எத்தனை முறை வெளியே வந்தாய் என்று கதவிடம் ஒப்பித்துவிடும். இதுவரை பரவாயில்லை, அலையைப் பாய்ச்சுகிறவன்தான் கரண்டுக்குக் காசு கொடுக்கிறான்.

வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறோமே ஒரு பேசும் ஸ்பீக்கர், அதுதான் விவகாரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் விழிக்கும் என்கிறார்கள். கூப்பிட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அது எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாக வேண்டுமே? வாங்கியது நாம், ஈ.எம்.ஐ. நம்முடையது, வைஃபை நம்முடையது, கரண்டும் நம்முடையது. ஸ்டாலின் ஆட்சி எத்தனை கொடுமையானதாக இருந்தாலும், ஒட்டுக்கேட்ட 7 வருஷமும் அந்தச் செலவை அமெரிக்கத் தூதர் தலையில் கட்டவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதால், அந்த நாகரிகம் இங்கே கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லலாம். இலவசம் தீர்ந்த அடுத்த யூனிட்டிலிருந்து நம் வீட்டை நாமே காசு கொடுத்து ஒட்டுக்கேட்கிறோம்.