தாத்தன் சொல்லுதேன், கேட்டா கேளு

ஏட்டி, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ஸை மறுபடியும் எடுத்துட்டியா? நல்லது. பாடப் புத்தகத்து மேலயும் இந்தப் பிரியம் இருந்திருந்தா... சரி, விடு. பட்டிக்காட்டுக் கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. நீ காலேஜுக்குப் போனா அந்த மூணு வால்யூமும் என் கட்டில்லதான் கிடக்கு. எனக்கும் பொழுது போவாண்டாமா?

உன் கூட்டாளி ஒருத்தி காலண்டர் பாத்துப் படிக்காளாமே. டிசம்பர் 25-ல ரிவெண்டெல்லை விட்டுக் கிளம்பணும், மார்ச் 25-ல மோதிரம் நெருப்புல விழணும். பின்னிணைப்புல டோல்கீனே தேதிவாரியா எழுதி வச்சிருக்காருல்லா, சவுகரியந்தான். ஆனா ஜனவரி 17-லருந்து பிப்ரவரி 16 வரைக்கும் எல்லாரும் லோத்லோரியன்ல சும்மா இருப்பாங்க. அந்த ஒரு மாசம் பரீட்சைக்குப் படிச்சாளான்னு கேட்டுச் சொல்லு.

இன்னொருத்தன் மகா புத்திசாலி. ‘டூ டவர்ஸ்’ல முதல் பாதி அரகோர்ன் பக்கம், மறு பாதி ஃப்ரோடோ பக்கம்னு ஆசிரியர் பிரிச்சு வச்சா, இவன் ரெண்டையும் தேதிப்படி கலந்து படிக்கானாம். அப்படியே கடைசி வால்யூமையுமாம். கடைசியில கறுப்பு வாசல் முன்னால சௌரோனோட தூதன் ஃப்ரோடோ போட்டிருந்த மித்ரில் சட்டையைத் தூக்கிக் காட்டுதான் பாரு, அந்த இடத்துக்காகத்தான் ஃப்ரோடோ எதிரி கையில சிக்கினதோட கதையை நிறுத்திட்டு, ஒரு பாகம் முழுக்க டோல்கீன் அவனைப் பத்தி வாயையே திறக்கல. நம்ம புத்திசாலியோ, ஃப்ரோடோவைத் தோழன் சாம் போயி மீட்டதை முன்னாடியே படிச்சிருப்பான். தூதன் தொண்டை கிழியக் கத்துவான், இவன் கொட்டாவி விடுவான். தெரிஞ்ச கதைதானே தாத்தாங்காதே. தெரிஞ்சும் நெஞ்சு திக்குங்குதான்னு பாக்கத்தானே திரும்பப் படிக்கோம்?

நீ மட்டும் என்ன ஒழுங்கு? பாட்டு வந்தா தாண்டுதே, டாம் பாம்படில் வந்தா நாப்பது பக்கம் புரட்டுதே. சினிமாவுலயும் அவரை விட்டுட்டாங்கன்னு நியாயம் வேற. புதைமேட்டுல பாம்படில் எடுத்துக் கொடுத்த கத்தியாலதான், பின்னால மெர்ரி நாஸ்கூல் தலைவனை முழங்காலுக்குப் பின்னால குத்துதான். கத்தி வந்த கதையை விட்டுட்டு குத்துக்கு மட்டும் கை தட்டினா எப்படி?

சாருமானா நடிச்ச கிறிஸ்டோபர் லீ வருசா வருசம் படிச்சாராம். உங்கம்மா அந்த வீட்டுல இல்லாதது அவரு யோகம். படிக்கச் சோம்பலா? கொல்லமா நடிச்ச ஆண்டி செர்கிஸ் வாசிச்ச ஆடியோ இருக்கு, போட்டுட்டுத் தூங்கு.

என் வழியைச் சொல்லட்டா? இந்தத் தடவை நான் மோதிரத்தை விட்டுட்டு சாமோட சமையல் சட்டி பின்னாலயே போனேன். இதிலியன் காட்டுல கொல்லம் ரெண்டு முயல் பிடிச்சாந்து போடுதான், சாம் இலை தழை போட்டு வேக வைக்கான். தின்னு முடிச்சு, சட்டியைக் கழுவப் போனவன் திரும்பிப் பாத்தா அடுப்புப் புகை மேல எழும்புது. அதைப் பாத்துத்தான் ஃபராமிரோட ஆளுங்க வந்து சூழுதாங்க. அப்புறம் மோர்டோர்ல, பாரம் தாங்காம, அந்தச் சட்டியை அவனே பாறை வெடிப்புல போடுதான். அது லொட லொடன்னு உருண்டு போற சத்தம் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மோதிரம் விழுந்தப்பகூட அப்படி இல்ல.

உங்க ஆச்சிகிட்ட மட்டும் இதைச் சொல்லிராதே. எவன் சட்டிக்கோ அழுதீரே, நம்ம வீட்டுச் சட்டியை ஒரு நாளாவது கழுவுனீரான்னு கேப்பா.